பன்றிக்குப் பின்னிய உணவுக்குழாய்

மெஷினைத் துடைத்து மூடும்போதுதான் அந்த ஊசியைப் பார்த்தேன். அதன் கொக்கியைத் திறந்து மூடும் லாட்ச் பாதி உடைந்திருந்தது. பனியன் துணியாக இருந்திருந்தால், நீளக் கோடு விழுந்திருக்கும், நீடில் லைன் என்று அந்த ரோலை ஒதுக்கியிருப்பேன். ஆனால் அந்த மெஷினில் கடைசியாகப் பின்னியது, ஒரு பன்றியின் நெஞ்சுக்குள் வைக்க வேண்டிய குழாய். முந்தின நாளே அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், முதலிபாளையத்தில் நாடாவும் கயிறும் பின்னும் யூனிட்டில் நான் நிட்டிங் மாஸ்டர். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சர்ஜன் அம்மா எங்களைத் தேடி வந்தார். உணவுக்குழாயில் கேன்சர் வந்த பகுதியை வெட்டியெடுத்தால், இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பதுதான் வழக்கமாம்.

“அப்புறம் அவங்களால நிம்மதியா படுக்க முடியாது. சாப்பிட்டது மேல வரும். அதுக்குப் பதிலா ஒரு குழாய் வச்சா, அதைப் பிடிச்சுக்கிட்டு புதுச்சதை வளரணும். நூல் தானா கரைஞ்சிடணும். முதல்ல பன்றிக்கு வச்சுப் பாக்கப் போறோம்” என்றார்.

எங்கள் ஓனர் என்னைப் பார்த்தார். “ஏனுங்க மாஸ்டர், நாடா பின்ற மெஷின்ல இது வருமுங்களா?”

“வரும்” என்றேன். கொஞ்சம் ஜம்பம்தான்.

ஊசி ஆயில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மெஷினை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, மெதுவாக ஓட்டினேன். அந்த அம்மா கொடுத்த கரையும் நூல் வழுக்கியது. மூன்றாவது முறைதான் இரண்டு விரல் அகலக் குழாய் ஒழுங்காக வந்தது.

இப்போது இந்த ஊசி. ஓனர் மேசையிலிருந்த போனை எடுத்தேன்.

“டாக்டரம்மா, அந்தக் குழாயை வைக்காதீங்க. ஊசி உடைஞ்சிருக்கு. நான் கவனிக்கல.”

“நல்லாத்தானே இருந்துச்சு மாஸ்டர்? சதை ஒட்டி வளர நாளைக்குக் கொலாஜன் பூசறதா இருந்தோம்.”

“சும்மா பாத்தா தெரியாதும்மா. விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க.”

போனைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

“ஒரு கோடு ஓடுது. இழுத்தா பிரியுது” என்றார். குரல் இறங்கியிருந்தது. அப்படியே வைத்திருந்தால், விழுங்குவதெல்லாம் நெஞ்சுக்குள் கசிந்திருக்கும்.

திட்டு விழும் என்று ஓனர் பக்கம் திரும்பினேன். “எக்ஸ்போர்ட் நாடாவை நாளைக்கு ஓட்டிக்கலாமுங்க. முதல்ல இதைப் பின்னுங்க” என்றார்.

ஊசிகள் அத்தனையையும் மாற்றினேன். மிச்சமிருந்த நூல் ஒரு குழாய்க்குத்தான் வரும். பின்னப் பின்ன லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். “மாஸ்டர், கஞ்சி குடிச்சிடுச்சு! எக்ஸ்ரேல பாத்தோம், எங்கயும் கசியல.”

நூல் கோன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மனிதர்களுக்கு வைக்க இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்று அவரே சொன்னார். எனக்கு அன்றைக்கு அந்தக் கஞ்சி போதும்.

புதிதாக மெஷினில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஊசியைப் பார்த்ததற்கும் போனை எடுத்ததற்கும் நடுவில், யாருக்குத் தெரியப்போகிறது என்று அரை மணி நேரம் சும்மா நின்றேன். ஊசி யாருக்கும் உடையும். நீங்கள் அந்த அரை மணி நேரம் நிற்காதீர்கள்.