லேப்டாப்புக்கு வைத்தியம் சொன்னவங்க

கம்ப்யூட்டர் தெரியாதவங்கன்னு எங்க ஊர்ல ஒரு ஆள்கூடக் கெடையாது. இது எனக்குத் தெரியவந்தது ஒரு விஜயதசமி காலையில. அன்னைக்குத்தான் என் லேப்டாப் எந்திரிக்க மாட்டேன்னு அடம் புடிச்சுப் படுத்துக்கிச்சு.

நான் சென்னையில இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்குறவ. கல்யாணமாகி, அரிமளத்துக்கு அங்கிட்டு இருக்கிற இந்த ஊருக்கு வந்து மூணு வருசம் ஆகுது. மாடியில எனக்கு ஒரு ரூம். சிக்னல் அங்கதான் கெடைக்கும். காலையில ஒம்பது மணிக்கு மேல ஏறினேன்னா சாயங்காலம் ஆறு ஏழு ஆயிரும் எறங்க. எங்க வீட்டுல இதுக்கு வேலைன்னு பேர் கெடையாது. 'மேல பொட்டியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா' அப்படின்னுதான் சொல்லுவாங்க. வர்ற சொந்தக்காரங்களும் "மருமக மேல படம் பாக்குதாக்கும்?"னு கேட்டுட்டுத்தான் காபியவே வாயில வைப்பாங்க. முதல் வருசம் எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. இப்பல்லாம் எதுவும் வர்றதில்ல, எரிச்சலத் தவிர.

அந்த மாசம் கம்பெனியில எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லி மெயில் போட்டிருந்தாங்க. ஒருசில பேர மட்டும் வீட்டுல இருந்தே பாக்க விடுவாங்க. அது யாருன்னு எங்க டீம் லீட்தான் எழுதிக் குடுக்கணும். விஜயதசமி அன்னைக்குப் பதினோரு மணிக்கு, எட்டு மாசமா நான் செஞ்ச வேலைய வெளிநாட்டு கிளையண்ட் முன்னாடி போட்டுக் காட்டணும். அவங்களுக்கு ஏது ஆயுதபூசையும் விஜயதசமியும்? "இத மட்டும் நல்லபடியா முடிங்க, உங்களுக்காக நான் பேசுறேன்"னு லீட் சொல்லியிருந்தார். முடிக்கலைன்னா ஒண்ணு சென்னைக்குப் போகணும், இல்ல வேலைய விடணும். சென்னைங்கிறது எங்க வீட்டுல பேச்சுக்கே வராது. ஆக, அந்தப் பதினோரு மணிதான் என் வேலை.

ஒம்பதேகாலுக்குப் பட்டன அமுக்குனேன். லைட் எரிஞ்சுச்சு, கம்பெனி படம் வந்துச்சு, மனசுக்குள்ள எண்ணிப் பத்து வரைக்கும் போகல, பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. திரும்ப அமுக்குனேன். திரும்ப லைட், படம், இருட்டு. சார்ஜர மாட்டிப் பாத்தாச்சு, கழட்டிப் பாத்தாச்சு, வேற பிளக்குல போட்டுப் பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் படம் வரைக்கும் வந்து ஆசை காட்டிட்டுப் போயிருது.

மொத வைத்தியர் என் வீட்டுக்காரர். புதுக்கோட்டையில ஒரு டிராக்டர் ஷோரூம்ல இருக்காரு. விஜயதசமின்னா வண்டி எடுக்க ஊரே அங்கதான் நிக்கும், அதனால அவருக்கு அன்னைக்கு லீவு கெடையாது. போன் போட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?"

"அதுவேதாங்க ஆஃப் ஆகுது. அதுக்குத்தான் ஒங்களுக்குப் போன் போட்டேன்."

"சரி, அப்ப ஒரு அஞ்சு நிமிசம் ஆஃப்லயே வையி. ரெஸ்ட் குடு. நேத்துப் பூரா பூசையில ரெஸ்ட்டுலதானே இருந்துச்சு, சோம்பேறித்தனம் புடிச்சிருக்கும்." பின்னாடி யாரோ எலுமிச்சம்பழத்தக் கொண்டான்னு கத்துனாங்க. "வச்சிருறேன், டெலிவரி நிக்குது."

ஒரு டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா இந்த மனுசன் ரெஸ்ட் குடுன்னு சொல்லுவாரா? மண்டியிட்டு அடியில நொழைஞ்சு பாப்பாரு. பொண்டாட்டி பொட்டின்னா ரெஸ்ட்டு போதும்.

அடுத்து எங்க கம்பெனி ஹெல்ப்டெஸ்க். அவங்க வைத்தியம்தான் உள்ளதுலயே ஒசத்தி. ரொம்ப நேரம் பாட்டுப் போட்டுக் காமிச்சுட்டு ஒரு தம்பி வந்தாரு. நான் வெவரம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, தேன் சொட்டச் சொட்ட, "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிடுங்க மேடம், பாக்குறோம்"னாரு. புகார எழுதிப் போடுறதுக்கு அங்க அதுதான் பேரு.

"டிக்கெட்ட எதுல போடுறது?"

"உங்க லேப்டாப்ல லாகின் பண்ணி மேடம்."

"லேப்டாப்தாங்க ஓடல."

"புரியுது மேடம். ஆனா டிக்கெட் இல்லாம நாங்க பாக்க முடியாது மேடம்."

எத்தன மேடம்! செத்தவனையே வந்து சாவுச் சேதி எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க போல. போன வச்சேன். மணி ஒம்பது அம்பது.

திருமயத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிற ஒருத்தர் நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டேன். நான் இன்னும் சொல்லியே முடிக்கல, "மதர்போர்டு போயிருச்சுங்க"ன்னாரு. அவ்வளவுதான், கண்ணால பாக்கல, கையால தொடல, இருவது கிலோமீட்டருக்கு அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டுத் தீர்ப்பு.

"எப்படிங்க சொல்றீங்க?"

"இந்த மாதிரி வந்தா அதுதாங்க. கொண்டாங்க, ஃபார்மட் போட்டுருவோம்."

"மதர்போர்டு போனா எதுக்குங்க ஃபார்மட்?"

"ரெண்டையும் பாத்துருவோம்ங்க"ன்னாரு. அவர்கிட்ட என்ன நோவுன்னு போனாலும் ரெண்டே மருந்துதான் இருக்கும்னு புரிஞ்சு போச்சு. நாளைக்கு வாரேன்னு சொல்லி வச்சுட்டேன். பஸ் ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள பதினோரு மணி முடிஞ்சு மத்தியானச் சாப்பாடு ஆயிரும்.

அதுக்குள்ள சேதி கீழ போயிருச்சு. எதிர்வீட்டு அக்கா மாடிப்படியிலயே நின்னுக்கிட்டு, அவங்க தம்பி செல்லு கெணத்துல விழுந்தப்ப அரிசிக்குள்ள பொதைச்சு வச்ச கதைய ஆரம்பிச்சாங்க. "இது எங்கயும் விழலக்கா"ன்னேன். "எதுக்கும் ஒரு பானையில போட்டு வையி"ன்னாங்க. பொங்கிச் சாப்புடவும் சொல்லுவாங்கன்னு எறங்கிப் போற வரைக்கும் காத்திருந்தேன்.

அப்புறம் வந்தாரு சின்ன மாமா. என் மாமனாரோட தம்பி, பக்கத்து வீடு. சுத்துவட்டாரத்துல ஒரு போர் மோட்டார் எரிஞ்சா இவர்தான் காயில் கட்டுவாரு. நல்ல வேலைக்காரர், இல்லைங்கல. ஆனா கரண்டுல ஓடுற எதுவா இருந்தாலும் அது மோட்டார்தான் அவருக்கு. கையில டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும். வந்ததும் பொட்டியத் தூக்கி மோந்து பாத்தாரு.

"வாசனை வருது பாத்தியா? உள்ள எதோ சுட்டுருக்கு."

எனக்கும் வாசனை வந்துச்சு. ஆனா அது சந்தன வாசனை. முந்தின நாள் பூசையில மூடி மேல பெருசா ஒரு பொட்டு வச்சிருந்தாங்க, காலையில நான்தான் தொடச்சேன். "அது சந்தனம் மாமா"ன்னேன்.

"ஒனக்குத் தெரியாதும்மா. முப்பது வருசமா மோக்குறேன்." சொல்லிக்கிட்டே கவுத்துப் போட்டு ஒரு ஸ்க்ரூவுல கைய வச்சுட்டாரு.

அது கம்பெனி பொட்டி. அடியில சீல் ஒட்டியிருக்கு, அது கிழிஞ்சா நான்தான் பதில் சொல்லணும். "மாமா, தொறக்காதீங்க"ன்னேன். "சும்மா இரும்மா"ன்னாரு. மணி பத்து நாப்பது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ. "கைய எடுங்க மாமா! இது ஒண்ணும் ஒங்க கெணத்து மோட்டார் இல்ல!"ன்னு கத்திட்டேன். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவர் முன்னாடி நான் சத்தமா இருமினதுகூடக் கெடையாது. மனுசன் ஸ்க்ரூ டிரைவர எடுத்துச் சட்டைப் பையில வச்சாரு, மூஞ்சி சிறுத்துப் போச்சு, எறங்கிப் போயிட்டாரு.

பொட்டிய ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் தொறந்தேன். இத்தன பேர் இத்தன சொன்னாங்களே, நானாவது அத ஒழுங்காப் பாத்தேனா? இல்ல. அமுக்குறதும் போன் போடுறதுமா இருந்திருக்கேன். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பவர் பட்டன் மட்டும் மத்த பட்டனவிடக் கொஞ்சம் கீழ எறங்கிக் கெடக்கு. அமுக்குனா உள்ள போகுது, திரும்ப மேல வர்றதுக்கு ரொம்ப நேரம் புடிக்குது. அமுக்குன கை எடுக்காத மாதிரியே அதுக்குத் தோணியிருக்கு. அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா அணைஞ்சுதான் போகும், அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஓரத்துல நகத்த விட்டு நெம்புனேன். நகத்துல மஞ்சளாத் தூளு வந்துச்சு. மோந்து பாத்தேன். சந்தனம்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். அப்படியே கீழ எறங்குனேன். அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, அடுப்படியில சுண்டலத் தாளிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"அத்தை, நேத்துப் பொட்டியத் தொறந்தீங்களா?"

"ஆமாத்தா. உள்ளயும் ஒரு பொட்டு வச்சேன். ஈரமா இருந்துச்சா, ஒட்டிக்கிருமேன்னு காலையில ஈரத்துணி வச்சு அழுத்தித் தொடச்சு வச்சுட்டேன். ஏன், கறை போகலையா?"

அழுத்தித் தொடச்சிருக்காங்க! இருந்ததையும் சேத்து உள்ள தள்ளி, அது காஞ்சு பட்டனக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. வாய் வரைக்கும் வந்துருச்சு எனக்கு. 'எல்லாப் பட்டனும் இருக்க அந்த ஒத்தப் பட்டன்தான் கெடைச்சுச்சா ஒங்களுக்கு?'ன்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். பாதிதான் வெளிய வந்துச்சு. "ஏன் அத்தை அந்தப் பட்டன்ல போய்...?"

"அதுலதானே மொதல்ல கைய வைக்கிற நீ"ன்னாங்க. "வேலை தொடங்குற எடத்துலதானே பொட்டு வைக்கணும்."

இங்க ஒண்ணு சொல்லியாகணும். அதுக்கு முந்தின வருசம் பூசையில அருவாளுக்குப் பொட்டு, மம்முட்டிக்குப் பொட்டு, பைக்குக்கு மாலை, மோட்டார் சுவிட்சுக்கு, அரிவாமனைக்குக்கூடப் பொட்டு. என் லேப்டாப்ப நான் கொண்டாந்து வச்சதுக்கு, "படம் பாக்குற பொட்டிக்கெல்லாமாத்தா பூசை?"ன்னு இதே அத்தை ஓரமா நகத்தி வச்சாங்க. மூணு நாள் நான் அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசல. இந்த வருசம் நான் கேக்கவே இல்ல. அவங்களே மேல வந்து எடுத்துட்டுப் போய், அருவாளுக்கு முன்னாடி வச்சிருந்தாங்க. இத நெனச்சதும் மிச்ச வார்த்தைய முழுங்கிட்டேன். கோவம் போகல. ஆனா எங்க கொட்டுறதுன்னு தெரியல.

மேல ஓடுனேன். தாலிக்கொடியில கோத்திருந்த ஊக்கக் கழட்டி, பட்டனச் சுத்தி மெல்ல மெல்லக் கீறி எடுத்தேன். கொரோனா காலத்துல வாங்குன சானிடைசர் அலமாரியில பாதி கெடந்துச்சு, பஞ்சுல தொட்டுத் தொட்டுத் தொடச்சேன். அவசரப்பட்டா உள்ள ஊத்திரும். பதினொண்ணு அடிச்சுருச்சு. பதினொண்ணேகாலும் ஆச்சு. கடைசியில 'டொக்'குனு ஒரு சத்தம், பட்டன் மேல வந்துருச்சு. காய விட்டு அமுக்குனேன். லைட் எரிஞ்சுச்சு, படம் வந்துச்சு, நின்னுச்சு. மதர்போர்டாம், சுட்டுருக்காம், அரிசியாம்!

மீட்டிங்குக்குள்ள போறப்ப பதினொண்ணு இருவத்தெட்டு. போன்ல முன்னாடியே தகவல் சொல்லியிருந்ததால, என் வேலைய வேற ஒருத்தன் எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்தான். நான் எழுதினத எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்தான்னு சொல்லணும். கிளையண்ட் கேட்ட ரெண்டு கேள்விக்கு நான் பதில் சொன்னேன். மூணாவது கேள்வி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுருச்சு, நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க.

"ஊர்ல கரண்ட் இல்லையாக்கும்?"னு எனக்குப் பதிலாப் படிச்சுக் காட்டுனவன் கேட்டான். நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. அத்தை கதவோரம் காபியோட நிக்கிறாங்க. சந்தனக் கதையச் சொன்னா அந்தச் சிரிப்பு பத்து மடங்காகும், ஆறு மாசத்துக்கு ஓடும். எங்க வீட்டுல நான் யாரை வேணும்னாலும் கழுவி ஊத்துவேன், சென்னைக்காரன் சிரிக்கிறதுக்கு அவங்களக் குடுக்க மாட்டேன். "பட்டன் ஒட்டிக்கிச்சு, நானே சரி பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னேன். லீட் பெருமூச்சு விட்டாரு. "இதுக்குத்தான் ஆபீஸ்ல இருக்கணும்கிறது"ன்னாரு.

அடுத்த வாரம் மெயில் வந்துருச்சு. ஒண்ணாந்தேதியில இருந்து ஆபீசுக்கு வரணும், இல்லைன்னா ராஜினாமா. சாயங்காலம் கூடத்துல எல்லாரும் இருக்கிறப்பச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மேல சுத்துற ஃபேனையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. சின்ன மாமாதான் வாயத் தொறந்தாரு, அவருக்கு என் மேல வருத்தம் இன்னும் ஆறல. "விட்டுத்தள்ளும்மா. பொம்பளைப் புள்ள, வீட்டப் பாத்தாப் போதாதா?"ன்னாரு. வீட்டுக்காரர் மெல்லத் தலைய ஆட்டுனாரு. அவ்வளவுதான்னு நானும் எந்திரிச்சேன்.

"ஒக்காருத்தா"ன்னாங்க அத்தை. என் மாமனார நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன். அந்தப் போட்டோவக் கைய நீட்டிக் காட்டி, சின்ன மாமாவப் பாத்துக் கேட்டாங்க. "ஒங்க அண்ணன் சிங்கப்பூர்ல பதினாலு வருசம் கெடந்தாரு. மூணு வருசத்துக்கு ஒருதரம் வருவாரு. வீட்டப் பாத்தாப் போதாதான்னு அவருகிட்ட எவனாச்சும் கேட்டீங்களா? நான் இங்க எப்படி இருந்தேன்னு எங்கிட்டத்தான் கேட்டீங்களா?"

மகன் பக்கம் திரும்பி, "இந்தா இருக்கு மெட்ராஸு, ஏறுனா விடிய எறங்கிரலாம். அவ போவா. நீ சோறாக்கப் பழகு"ன்னாங்க.

நான் அழுதுட்டேன், எல்லார் முன்னாடியும். அத்தை என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. பரண்ல இருக்கிற பெரிய சூட்கேச எறக்கச் சொல்லிச் சின்ன மாமாவ அதட்டிக்கிட்டு இருந்தாங்க.