மார்கரெட் சாகவில்லை

“அந்த மனுசி சாகேல்லை, தம்பி! நீங்கள் ஒருக்கா உடன வாங்கோ!”

போன வியாழக்கிழமை காலை, போனில் வாசுகி அக்கா. எந்த மனுசி? எந்த ஆஸ்பத்திரி? பதறிப்போய்க் கேட்டேன்.

“மார்கரெட்” என்றார்.

அப்பாடா... மார்கரெட் செத்திருந்தாலும் செத்திருக்காவிட்டாலும் இப்போது அவசரப்பட ஒன்றுமில்லை. அவர் இருநூறு வருடங்களுக்கும் முந்தியவர்!

லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் வாசுகி அக்கா யாழ்ப்பாணத்திலும் பிறகு இங்கேயும் பார்மசியில் வேலை பார்த்தவர். டாக்டர்களின் கிறுக்கலை வாசித்து வாசித்துத் தேறிய கண். ஓய்வு பெற்ற பிறகு லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் தொண்டராகச் சேர்ந்தார். பழைய கையெழுத்துக் கடிதங்களை வாசித்து கம்ப்யூட்டரில் டைப் செய்யும் வேலை.

அவருக்குக் கிடைத்தது ஒரு கட்டுக் கடிதங்கள். பிலடெல்பியா சின்ன நகரமாக இருந்த காலத்தில், மார்கரெட் ஹேல் என்ற பெண் லண்டனில் இருந்த தங்கை சூசனுக்கு எழுதியவை. பெரிய தலைவர்கள் யாரும் அதில் இல்லை. கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. பன்றிகள் தெருவை மறித்துப் படுத்திருக்கின்றன. சந்தையில் மூன்று மொழிகளில் சண்டை நடக்கிறது. பாண் ரொட்டி சுட்டு விற்ற மார்கரெட்டின் தெரு... அவ்வளவுதான். அக்கா அதை டிவி சீரியல் மாதிரி வாராவாரம் எனக்குச் சொல்வார்.

கடைசிக் கடிதம் மட்டும் சின்னது. ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ‘என் கணவருக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல்’ — இத்தோடு கட்டு முடிகிறது.

காப்பகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ‘மார்கரெட் ஹேல், மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்’ என்று அட்டை அச்சாகப் போகிறது. அன்று மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

“நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். ஆனா கோவம் வந்தா எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்கள் பக்கத்தில இருந்தால் போதும்.”

போனேன்.

பொறுப்பாளர் ஹெலன் நல்ல பெண்மணி. அக்கா இரண்டு தாள்களை அவர் முன்னால் வைத்தார். ஒன்று மார்கரெட் ஹேலின் கடிதம். மற்றது வேறொரு பெட்டியில் இருந்தது. பிலடெல்பியாவிலிருந்து ஒரு மிஸஸ் டன், சில வருடங்கள் கழித்து லண்டன் வியாபாரி ஒருவருக்கு எழுதியது.

“இந்த ‘டி’யின்ர வாலைப் பாருங்கோ. பேர் மாறும், கை மாறாது. புருசன் செத்திருப்பார், அவா மறுபடி கட்டியிருப்பா!”

நான் மொழிபெயர்த்தேன். ஹெலன் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலத்தில் பலரும் ஒரே மாதிரி எழுதப் பழகியவர்கள், கையெழுத்து மட்டும் போதாது என்றார். நியாயம்தானே?

“ஒரு மணித்தியாலம் தாங்கோ” என்றார் அக்கா.

மிஸஸ் டன்னின் கடிதங்கள் மொத்தம் நான்கு. நான்காவதை யாருமே டைப் செய்யவில்லை. தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே குறுக்காகத் திருப்பி, அதன் மேலேயே மறுபடி எழுதியிருந்தார். எனக்கு அது கம்பி வலை மாதிரித் தெரிந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சொல், பிறகு ஒரு சொல் என்று நகர்ந்தார். திடீரென்று கை நின்றது.

“ஹெலன்... ப்ளீஸ் ரீட்.”

ஹெலன் உரக்க வாசித்தார். ‘என் தங்கை சூசனுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நான் இறந்துவிட்டதாக அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அவளைத் தேடி, நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.’

கீழே சூசனின் விலாசம். மார்கரெட் ஹேலின் கடிதங்களில் இருந்த அதே தெரு, அதே மெழுகுவர்த்திக் கடையின் மேல்மாடி.

தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் வியாபாரியின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: ‘தங்கையிடம் நேரில் சொல்லப்பட்டது.’

ஹெலன் எழுந்துபோய், அட்டையின் வாசகம் மாறுகிறது என்று அச்சகத்துக்குப் போன் செய்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். “ஏனக்கா இவ்வளவு பிடிவாதம்?”

“தம்பி, இடம்பெயர்ந்த நேரம் ஷெல் விழுந்து நான் செத்துப்போனன் எண்டு ஆரோ லண்டனில இருந்த அண்ணைக்குச் சொல்லிப்போட்டினம். அவர் இஞ்ச முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்துபோட்டார். ஐயர், படையல், சனத்துக்குச் சாப்பாடு... எல்லாம். ரெண்டு மாசம் கழிச்சு நான் கொழும்பில இருந்து போன் எடுக்கிறன்.”

“ஐயோ... என்ன சொன்னார்?”

“குழறி அழுதார். அழுது முடிச்சிட்டுக் கேட்டார், ‘சாப்பிட்டிட்டுப் போன சனத்துக்கு இனி நான் என்னடி சொல்லுறது?’”

பாவம் மனிதர். செத்துப்போன தங்கை போனில் வந்தால், யாருக்குத்தான் சரியான வசனம் வரும்?