ஓடைத் தெருவுக்கு எண்பத்தொரு மார்க்

நாற்காலி பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சுடலையம்மாள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினாள். முன்வாசலில் குனிந்து வெளியே வந்த அதிகாரி காசிராஜன் செருப்பை மாட்டி அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்குள் அது அங்கே விரிந்து கிடக்க வேண்டும்.

"ஏட்டி, எட்டி நட. அவிய வந்துட்டாவ," என்று இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, படிவக்கட்டோடு அவர் பின்னால் வந்த ஞானபாக்கியத்துக்குக் கேட்டது. காசிராஜனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார்.

அது ஞானபாக்கியத்தின் வீட்டு நாற்காலி. இரும்பு, மடக்குவது. அந்தத் தெருவில் வேறு நாற்காலி கிடையாது. உத்தியோகஸ்தர் ஒருவர் மதுரையிலிருந்து வந்து வீடு ஏறும்போது தரையில் உட்காரச் சொல்ல முடியாது என்று நேற்றே பேசி வைத்திருந்தார்கள். காசிராஜன் வீட்டுக்கு வீடு அதில் உட்கார்ந்து, படிவத்தில் 'இருக்கை வசதி உண்டு' என்ற கட்டத்தில் வீட்டுக்கு வீடு டிக் அடித்தார்.

ஞானபாக்கியத்துக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகவில்லை. எண்பத்தொன்றிலும் தொண்ணூற்றொன்றிலும் ராஜபாளையத்தில் ஆள் எண்ணியிருக்கிறாள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மாடு, கோழி எல்லாம் எண்ணியாகிவிட்டது. எப்போதும் தற்காலிக வேலைதான். இந்தத் தொண்ணூற்று நான்கில் வந்தது புதுசு. 'சமூக நிலைபேறு மதிப்பீடு' என்று படிவத்தின் தலையில் போட்டிருந்தது. ஒரு பகுதியில் ஜனங்கள் ஒற்றுமையாக, பயமில்லாமல், நாளைக்கும் இதே மாதிரி வாழ முடியுமா என்பதை வார்டு வார்டாக நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிட வேண்டும். மார்க் குறைந்த இரண்டு வார்டுகளுக்குப் பெண்கள் கழிப்பறை. பத்து அறை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு.

இதை முன்கூட்டி ஜனங்களிடம் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருப்பதாக நினைக்கவில்லை. இந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு எவன் மார்க் போடுவான்?

சீனியம்மாள் வீட்டில் காசிராஜனுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

"அக்கம்பக்கத்துல ஒத்துமையா இருக்கீங்களா?"

"ஒத்துமைக்கு என்ன சார் கொறச்சல்?"

காலையில்தான் குழாயடியில் இசக்கியம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்திருந்தாள்.

"ராத்திரி பொம்பளைக பயமில்லாம வெளிய போக முடியுமா?"

"நாங்க எதுக்கு சார் வெளிய போறோம்?"

"கக்கூஸ் வசதி?"

சீனியம்மாள் சுவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துவிட்டாள். "இருக்கு சார்."

"எங்க?"

"பின்னால."

பின்னால் இருந்தது பஞ்சு மில்லின் சுவர். விடியுமுன் பெண்கள் அதன் ஓரமாகப் போய் வரிசையாகக் குந்துவார்கள். வெளிச்சம் வந்துவிட்டால் ஷிப்டு விட்டு வரும் ஆண்கள் பீடியோடு நின்று பார்ப்பார்கள். அதனால் மத்தியானத்துக்கு மேல் அந்தத் தெருவில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காசிராஜன் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. டிக் அடித்தார். ஒரு ஆம்பிளையிடம் எந்தப் பெண்தான் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்வாள்? நாற்பது வீட்டுப் பெண்களும் இருக்கிறது என்றே சொன்னார்கள். சார் போனதும் தனியாக அடித்து எழுதிக்கொள்ளலாம் என்று ஞானபாக்கியம் நினைத்திருந்தாள்.

நாற்பத்தொன்றாவது வீடு அவளுடையது. நாற்காலி வீடு திரும்பியிருந்தது.

"அட, உங்க வீடா? சொல்லவேயில்லையே," என்று காசிராஜன் உட்கார்ந்தார். "இங்க கக்கூஸ் இருக்குல்ல?"

வாசலில் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே அக்காள் தங்கபாய் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். இல்லை என்று சொன்னால் போதும். நாளை ஆபீசில் பேனா கொடுக்கும்போது இந்த மனிதர் நம் முகத்தைப் பார்ப்பார், பார்க்கும்போது நாம் சேலையைத் தூக்கிக்கொண்டு குந்தியிருப்பது அவருக்குத் தோன்றும் என்று நினைத்தாள்.

"இருக்கு சார்," என்றாள்.

அவர் அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, மொத்தப் படிவத்தையும் வாங்கிச் சரிபார்த்துக் கட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றின் அடியிலும் கணக்கெடுத்தவள் என்று அவள் கையெழுத்து இருந்தது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்த அழகான கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஓடைத் தெரு வார்டுக்கு எண்பத்தொன்று. ஊரில் மூன்றாவது இடம். கடைசியில் வந்த இரண்டில் ஒன்று பங்களாத் தெரு. அங்கே வீட்டுக்கு மூன்று கக்கூஸ். ஆனால் சுவர்த் தகராறு, நாய்த் தகராறு, அண்ணன் தம்பி கேஸ். கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்கள் குறை சொல்லியிருந்தார்கள். குறை சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை.

அவள் நேராக உள்ளே போனாள். காசிராஜன் உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். கிளார்க் ஐயாதுரை தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"சார், ஓடைத் தெருவுல ஒரு வீட்டுலயும் கக்கூஸ் கிடையாது."

"நாப்பத்தொண்ணுலயும் இருக்குன்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பொய் சார்."

"உங்க வீட்டுல?"

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்க வீட்டுலயும் கிடையாது. மில் சுவத்தோரமாத்தான் போறோம். மழைன்னா ஓடைக்குள்ள. எழுதிக்கோங்க."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றார் ஐயாதுரை.

"வெக்கமா இருந்துச்சு."

"இன்னைக்கு இல்லையாக்கும்?" ஐயாதுரை சிரித்தார். அவர் கண் அவள் முகத்தில் இல்லை. அவள் பயந்தது அதுதான். மதுரைக்காரருக்குப் பதிலாக உள்ளூர்க்காரர் பார்த்தார், அவ்வளவுதான்.

காசிராஜன் எண்ணெய் விரலோடு படிவக்கட்டைப் புரட்டினார். சீனியம்மாளின் தாளில் கறை பரவியது. "ரிப்போர்ட் மெட்ராஸ் போயிருச்சு. ஒரு வார்டுக்கு மாத்துனா ஊரே வந்து நிக்கும். சந்தோசப்படுங்கம்மா. ஒத்துமையில உங்க வார்டுதான் முதல்," என்றார். பல்லிடுக்கில் மிளகு ஒட்டியிருந்தது.

அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் காறித் துப்பினாள். அந்த மனிதர் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் கையெழுத்தின் மேல் வந்தது அதிகம்.

சாயங்காலம் குழாயடியில் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"நாங்க படிக்காதவளுக, மாத்திச் சொன்னோம். நீ எழுதுறவ. அடிச்சு எழுதுனா கை முறிஞ்சா போகும்?" என்றாள் சீனியம்மாள்.

"அவள எதுக்கு வையுத? அவ வீட்டுலதான் இருக்குன்னு சொன்னாளே," என்றாள் இசக்கியம்மாள். "ஏட்டி ஞானம், எங்கன இருக்கு? காமி, நான் ஒரு நட போயிட்டு வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஞானபாக்கியம் சிரிக்காமல் நின்று, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியுமுன் அவளும் தங்கபாயும் மில் சுவரோரம் போனார்கள். இசக்கியம்மாள் இவர்களைப் பார்த்துத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஏழே முக்கால் பஸ்ஸில் ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அங்கும் அதே படிவம்தான். முப்பத்திரண்டு வீடு முடித்தாள். மத்தியானம் ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.