வெள்ளைத் தாளில் போட்ட பிள்ளையார் சுழி

1. முதல் நாள்

இத்தாலியில், பிரான்காச்சோ என்ற பகுதியில், கார் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த இசைக் கம்பனி. மொத்தம் இரண்டு அறைகள். முதலாளி சின்யோர் நீனோ ‘ஹவுஸ்’ எனும் நடன இசைத்தட்டுகள் வெளியிடுபவர். வீடுகளில் துப்புரவு வேலை செய்துவந்த எனக்கு, தட்டுகளைப் பொதி செய்து தபாலில் அனுப்பும் அந்த வேலை பெரிய ஏற்றம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் கொன்ராத்தோ தருவேன் என்றார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. ஒன்றரை வயது மகளைக் காப்பகத்தில் அழ அழ விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தேன்.

புதுப் பாட்டு கடைக்கு வருமுன் டிஜேக்களுக்கு ‘வைட் லேபல்’ போகும். நடுவில் வெறும் வெள்ளைத் தாள் ஒட்டிய தட்டு. ஒரு பெண் பாடிய முக்கியப் பாட்டு உள்ள ஏ பக்கம் எது என்பது உள்விளிம்பில் கீறிய சிறு எழுத்தில்தான் தெரியும். அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் தட்டை எடுத்ததும், பள்ளிக்கூடக் கொப்பியில் போடுவதுபோல், என் கை தானாகவே வெள்ளைத் தாளில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. பிறகுதான் திடுக்கிட்டேன். அழித்தால் தாள் கிழியும். ஒன்றில் மட்டும் இருந்தால் பழுதாகத் தெரியும், எல்லாவற்றிலும் இருந்தால் வேலையாகத் தெரியும் என்று நினைத்தேன். எல்லாம் ஒரே பக்கம் மேலே தெரிய அடுக்கியிருந்தன. அந்தப் பக்கத்திலேயே எல்லாவற்றிலும் போட்டு அனுப்பினேன்.

2. தொலைபேசி

மூன்றாம் வாரம் டிஜேக்கள் அழைக்கத் தொடங்கினார்கள். குறி போட்ட பக்கத்தைத்தான் போடச் சொல்கிறார்கள் என்று எண்ணி, அதையே போட்டிருக்கிறார்கள். அது பி பக்கம். இடம் நிரப்பச் சேர்த்த வெறும் பியானோ.

குறியைப் போட்டது தட்டு அச்சடித்த தொழிற்சாலைதான் என்று சின்யோர் நீனோ சந்தேகித்தார். நான் மதிய இடைவேளையில் கணவரை அழைத்தேன்.

“மாதம் முடியுமட்டும் ஒண்டும் கதையாதையும்” என்றார். “பிள்ளையார் வேலைக்குச் சேர்ந்திட்டார். உமக்குத்தான் இன்னும் கொன்ராத்தோ வரேல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறையில், தொழிற்சாலையில் இதைப் பெட்டி கட்டிய பெண் யார் என்று முதலாளி தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கக்கூடும். எழுந்து போனேன். அவர் இத்தாலியனில் பேசியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“சின்யோர், அதை நான்தான் போட்டனான்.”

“ஏன்?”

“வேலையை நல்லாத் தொடங்க. எங்கடை வழக்கம்.”

தட்டைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப இந்தப் பக்கம் ஏன் போடேல்லை?”

“அது கீழை கிடந்தது.”

தொழிற்சாலையிடம் மன்னிப்புக் கேட்டார். என்னை மறுநாள் வரச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. போனேன்.

3. சார்ட்

ஆட வருபவர்கள் அந்தப் பியானோவையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று டிஜேக்கள் சொன்னதால், அதை முதல் பக்கமாக்கிப் பாட்டு வெளிவந்தது. டான்ஸ் பாட்டுகளின் தரவரிசையான சார்ட்டின் அடியில் நுழைந்து, வாரா வாரம் ஏறி, ஒருநாள் முதலிடம். கீழே கார் திருத்துபவர்கள் நாள் முழுக்க அதையே போட்டார்கள். பஸ்ஸில் யாரோ ஒருவரின் போனில் அது கேட்டதும் என் மகள் மடியில் குதிப்பாள். அந்த வசந்தத்தை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. மற்றப் பக்கத்தில் பாடிய பெண்ணை நினைத்தால் மட்டும் கூசுகிறது. அவள் பாட்டை யாரும் கேட்கவேயில்லை.

ஒரு மாதம் என்று சொன்னது இழுபட்டு, பாட்டு முதலிடம் வந்த அந்த வாரம்தான் சின்யோர் நீனோ கொன்ராத்தோவின் இரண்டு பிரதிகளை மேசையில் வைத்தார். என் பேனா தாளின் மேலே போய் நின்றது.

“என்ன, இதிலை போடேல்லையோ?”

“கேக்காமல் போடமாட்டன், சின்யோர்.”

“அப்ப கேளும்.”

கேட்டேன். பெர்மெஸ்ஸோ தரும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குப் போகும் பிரதியில் மட்டும் வேண்டாம் என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைமாருக்கு நான் சொல்வது, கை பழக்கத்தில் செய்யுமுன் வாயைத் திறந்து கேளுங்கள் என்பதுதான். நல்லபடி முடிந்ததால் என் பிழை பிழையில்லை என்று ஆகாது. வீட்டு அலுமாரியில் இருக்கும் என் பிரதியில் சுழி இருக்கிறது. அது கேட்டுவிட்டுப் போட்டது.