மாரியாயி குரலில் வந்த எச்சரிக்கை

மண் சரியும் முன்னே கைப்பேசியில் எச்சரிக்கும் ஏற்பாட்டை, டவுனிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகளில் சோதித்தாள். குரல் பதிய ஆள் வைக்க அவளிடம் காசு இல்லாததால், பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயிதான் அதற்குக் குரல் கொடுத்தாள்.

மாரியாயி இறந்த பின், "இந்தக் குரலே இருக்கட்டுமாம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

செத்தவள் குரல் என்று உள்ளுக்குள் பயம்தான்; ஆனாலும் "நல்லாத்தான் இருக்குங்க மிஸ்" என்றேன்.

ஒரு மழைச் சாயங்காலம் கரண்ட் போன இருட்டில், "அக்கா, வெளிய வாங்க" என்று மாரியாயி கூப்பிட்டாள். கைப்பேசி என்று தெரிந்தும், செத்தவள் கூப்பிட்டால் போகக்கூடாது என்று கதவைத் தாழிட்டேன்.

"மண்ணு வருது அத்த, எந்திரிங்க" என்று மருமகள்தான் தாழைத் திறந்து இழுத்துப்போனாள். நாங்கள் வெளியே வந்ததும் அடுப்படி புதைந்தது.

பிறகு அந்தப் பிள்ளையிடம் பயந்ததைச் சொன்னேன்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மழையில நடந்து வந்தீங்க. எப்படிங்க கொற சொல்றது?"

இப்போது யார் வந்து கேட்டாலும், தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிடுகிறேன்.