அஜைல் கற்கப் போனேன், கிள்ளான் வரை

போன செப்டம்பரில் ஐந்து நாள் கோலாலம்பூர் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கோவையில் நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் அஜைல் முறைக்கு மாறப்போவதாக அறிவித்திருந்தது. வருடத்துக்கு ஒரு பெரிய திட்டம் போட்டு மேலிருந்து வேலை பிரித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, சிறு குழுக்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு வேலையைத் தாங்களே எடுத்து முடித்துக் காட்டும் முறை அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில், மென்பொருளில் பிழை தேடும் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் என்று ஒரு நாற்காலி கிடையாது. பல வருடமாக அதில் உட்கார்ந்திருந்தவள் நான்.

ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிவிடுங்கள், பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்றார் எங்கள் இயக்குநர். உத்தரவு போடாமல், குழுவுக்கு வரும் தடைகளை நீக்கிக் கொடுத்து, கூட்டங்களை நடத்தித் தரும் ஆளுக்கு அந்தப் பெயர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் மூன்று நாள் பயிற்சி, நான்காம் நாள் பக்கத்து ஊரான கிள்ளானில் இந்த முறைக்கு ஏற்கெனவே மாறிவிட்ட அலுவலகம் ஒன்றைப் பார்ப்பது என்று ஏற்பாடு. பாதி மனதோடுதான் கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் அரை மணி, ஐம்பத்தைந்து ரிங்கிட். பேருந்தில் ஒரு மணிக்கு மேல், பதினைந்து ரிங்கிட். அவசரமில்லாதவர்களுக்குப் பேருந்தே போதும். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். சக்கரப் பெட்டியோடு போகிறவர்கள் நடைபாதையின் மேடுபள்ளத்தைப் பார்த்து நடக்கவும். என் பெட்டியின் ஒரு சக்கரம் அங்கேயே தங்கிவிட்டது.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வண்ணச் சீட்டுகள் ஒட்டினோம், காகித விமானம் செய்தோம், புதுச் சொற்கள் கற்றோம். காலையில் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், மாலையில் மறுபடி ரொட்டி சானாய். எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலை கம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் கிள்ளான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கட்டணம் நம் ஊர் டீ, வடைச் செலவுதான். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. நிலையத்திலிருந்து வாடகைக் காரில் காப்பார் சாலைப் பக்கம் போக வேண்டும். ஓட்டுநர் தமிழர். "அந்த ரோட்ல லோரிதான் நெறைய, ஜாம் ஆவும். மீட்டிங் இருந்தா லேட்டுன்னு இப்பவே சொல்லிடுங்க அக்கா" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

அது லாரி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்யும் சின்ன அலுவலகம். எந்தச் சரக்குப் பெட்டியை எந்த லாரி எப்போது எடுக்கும் என்று காட்டுவது அவர்கள் வேலை. என்னை வரவேற்ற திலகாவுக்கு ஏறக்குறைய என் வயது. முன்பு அங்கே வேலை செய்யும் எட்டுப் பேருக்கும் மேலாளராக இருந்தவர், இப்போது அவர்களுக்கு ஸ்க்ரம் மாஸ்டர். நான் ஆகப்போவது எதுவோ, அது என் எதிரில் நின்றது.

காலைக் கூட்டத்தை நின்றபடி நடத்தினார்கள். அன்று மாலை வாடிக்கையாளருக்கு மென்பொருளின் ஒரு புதுத் திரையைக் காட்ட வேண்டும். குமரன் என்ற இளைஞரின் முறை வந்ததும், லாரி வந்துசேரும் நேரம் சில பயணங்களுக்குத் தப்பாகக் காட்டுகிறது, காரணம் தெரியவில்லை, இன்று முடியாது என்றார். யாரும் பேசவில்லை. திலகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னாலிருந்து வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் இதைப் பாருங்கள், அவர் அதைச் சோதிக்கட்டும் என்று எட்டுப் பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அடுத்த உத்தரவுக்காகத் திலகாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர், மெதுவாக.

எனக்குக் காது சுட்டது. பிறகு மீனா என்ற பெண், சரியாக ஓடுவதை மட்டும் காட்டுவோம், மீதியை மறைக்காமல் சொல்லிவிடுவோம் என்றாள். இன்னொருவர் குமரனோடு உட்காருவதாகச் சொன்னார். கூட்டம் முடிந்தது.

மதியம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். திலகா சிரித்தார்.

"மொத ரெண்டு மாசம் நானும் அப்படித்தான். வீட்டுக்குப் போயி அழுதிருக்கேன். என்னக் கேக்காமலே எல்லாம் நடக்குது, அப்பறம் நா எதுக்கு இங்கன்னு."

"இப்போ?"

"இப்பவும் சில நாளு வாய் அரிக்கும் லா. ஆனா ஆளுங்க வளர்றதப் பாக்க எனக்குப் புடிக்கும். ஒங்களுக்கு என்ன புடிக்கும்?"

ரச டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிழை பிடிக்கப் பிடிக்கும். ஆனால் என் கையால் ஒரு சோதனை செய்து வருடக்கணக்காகிவிட்டது. தலைவரான பிறகு மற்றவர்கள் செய்ததற்குக் கையெழுத்துப் போட்டதுதான் மிச்சம். அதை அப்படியே சொன்னேன். அவர் எனக்கு மோர் ஊற்றச் சொன்னார்.

அலுவலகம் திரும்பியதும் குமரனிடம், பக்கத்தில் உட்கார்ந்து நானும் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். குறுகிய பயணம், நீண்ட பயணம், ஒரே லாரிக்கு இரண்டு பயணம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது: நள்ளிரவைத் தாண்டும் பயணங்கள் மட்டும் தப்பாகின்றன. மறுநாள் போய்ச்சேரும் லாரியை, கிளம்புவதற்கு முன்பே போய்ச்சேர்ந்ததாகத் திரை காட்டியது. குமரன் கைதட்டினார். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

மாலைக்குள் சரிசெய்ய நேரம் போதவில்லை. சரியாக ஓடியதை மட்டும் காட்டியது வந்த வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை. யார் பொறுப்பு என்று கேட்டார். திலகா வாய் திறக்கும் முன்பே குமரன் எழுந்து, தவறு எங்கே இருக்கிறது, எப்போது சரியாகும் என்று விளக்கினார். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டு போனார் வாடிக்கையாளர்.

ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்தேன். திலகாவுக்கு அந்த வேலை பொருந்தியிருக்கிறது, எனக்குப் பொருந்தாது. இறங்கும்போது அது தெளிவாகிவிட்டது.

கோவை திரும்பி இயக்குநரிடம், ஸ்க்ரம் மாஸ்டர் வேண்டாம், ஏதாவது ஒரு குழுவில் சோதனையாளராகப் போடுங்கள் என்றேன். அவர் என் உடல்நிலையை விசாரித்தார். வீட்டில் கணவர், "எதுக்கு நீயா கீழ எறங்கற?" என்றார். என் அறைக்கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிய அன்று, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இப்போதும் முக்கியமான கூட்டங்களுக்கு அழைப்பு வராதபோது சுருக்கென்கிறது.

இதே மாதிரிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். இப்படி நிஜமாக வேலை நடக்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். வாடிக்கையாளருக்கு வேலையைக் காட்டும் நாளாக இருந்தால் நல்லது. கிள்ளான் ரயில்கள் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காப்பார் சாலை நெரிசலுக்குக் கூடுதலாக அரை மணி வையுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

முன்பு என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு விடுப்புக் கேட்ட பெண்தான் இப்போது எனக்குப் பக்கத்து இருக்கை. போன வாரம் நான் சரி என்று விட்ட ஒரு திரையில் அவள் பிழை கண்டுபிடித்தாள். "மேடம்…" என்று தயங்கி இழுத்தாள். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு, எங்கே என்று கேட்டேன்.