ஓ.டி. அர்ச்சுனன்

"முருகா, எல்லாரையும் நல்லா வச்சிரு" என்று அர்ச்சுனன் வாய்விட்டு வேண்டுவார். பிறகு இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மிஷினத் தவிர" என்று உதட்டுக்குள் சேர்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை தவறாத வேண்டுதல் இது. கோப்பெங் பக்கத்துக் கல்குவாரியில் ஏதாவது ஒரு எக்ஸ்கவேட்டர் பழுதாகிப் படுத்தால்தான், ஈப்போ சிலிபினில் மெக்கானிக்கான அவர் வீட்டு அடுப்பு நிம்மதியாக எரியும். அது ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் படுத்தால் இன்னும் விசேஷம், ஓ.டி. என்கிற மிகைநேர வேலைக்கு அன்றைக்கு இரட்டைச் சம்பளம்.

"டாக்டருக்கும் எனக்கும் ஒரே பொழப்பு லா. நோவு வந்தாத்தான் சோறு. என்ன, அவரு கார்ல வாராரு, நான் கார தள்ளிக்கிட்டு வாரேன்" என்பார். தள்ளுவது உண்மைதான், அந்தப் பழைய கார் பாதி நாள் தானாகக் கிளம்பாது. லட்சக்கணக்கான மலேசிய வெள்ளி பெறுமானமுள்ள இயந்திரங்களை ஒரே மதியத்தில் எழுப்பி உட்கார வைக்கிற மனிதரின் சொந்தக் காரில், ஓட்டுநர் பக்கக் கதவும் உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொண்டுதான் இறங்குவார். ஏன் சரிசெய்யவில்லை என்று யாராவது கேட்டால், "எனக்கு நானே ஓ.டி. குடுத்துக்க முடியுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

வயது நாற்பத்தெட்டு. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். வேலை விட்டு வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்போடு ஒரு பிடி சீனியைக் கலந்து பரபரவென்று தேய்ப்பார். சீனி டப்பா வேகமாகக் காலியாவதில் அவர் மனைவி சாந்தினிக்கு ஆத்திரம். "டாக்டர் சொன்னாருன்னு டீக்குச் சீனிய நிறுத்திட்டீங்க, சந்தோசம். இப்ப கை ரெண்டும் டீ குடிக்குதா?" என்பார். அர்ச்சுனன் அசடு வழிவார்.

அவர் பிறந்த ரப்பர்த் தோட்டம் இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த புல்டோசர் பாதியில் நின்றபோது, அதைச் சரிசெய்ய இவரைத்தான் அனுப்பினார்கள். "என் வீட்ட இடிக்க எனக்கே ஓ.டி. குடுத்தாங்க லா. அப்படி ஒரு ராசி!" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

போன வருடம் அவருடைய இடுப்புப் பக்க முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. இனிமேல் இயந்திரத்துக்கு அடியில் படுக்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியும் இவர் விடவில்லை. தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி நல்ல மனிதர். யோசித்து, இந்த வாரம் இவரை சூப்பர்வைசராக ஆக்குவதாகச் சொன்னார். வெள்ளைத் தொப்பி, நிழலில் நிற்கலாம், ஞாயிறு விடுமுறை. அடிப்படைச் சம்பளம் இரண்டாயிரத்து எண்ணூறிலிருந்து மூவாயிரத்து அறுநூறு வெள்ளிக்கு ஏறும். சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாது என்பதைக் கடைசியில்தான் சொன்னார். ஓ.டி.யோடு சேர்த்து அர்ச்சுனன் இப்போது வாங்குவது நாலாயிரத்து ஐந்நூறு.

அதற்குள் சாந்தினி தாமான் குடியிருப்பு முழுக்கச் செய்தியைப் பரப்பியிருந்தார். மறுநாள் காலை சாப்பாட்டுக்கடை பக்கீர் முகம்மது கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணே, சூப்பர்வைசராமே! ரொட்டிக்கு முட்டை போடச் சொல்லட்டுமா?"

"போடாதீங்க பாய். பதவி ஏறுது, சம்பளம் எறங்குது. மேல ஏற ஏறக் கீழ போற ஏணி இந்த ஈப்போவுல எனக்கு மட்டுந்தான் கெடச்சிருக்கு."

"அப்ப வெறும் ரொட்டியா?"

"வெறும் ரொட்டி. போன மாசத்து வெலைக்குக் குடுப்பீங்களா?"

"மாவு வெல தெரியுமாண்ணே?" என்று பக்கீர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டு வாடகையும் கார்த் தவணையும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது, மகள் தினேஸ்வரியின் கோலாலம்பூர்ப் படிப்பு. கல்லூரிக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாமே ஓ.டி.யிலிருந்துதான் போகிறது. அவள் பட்டம் வாங்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் இடுப்பு தாங்க வேண்டும். அர்ச்சுனனுக்கு இருக்கிற ஒரே திட்டம் அதுதான், தூக்கத்தைக் கெடுக்கிற பயமும் அதுதான். தவுக்கேயிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை, வாசலுக்குப் பக்கமாக நின்றுகொண்டு சாந்தினியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நான் எல்லாருக்கும் சொல்லிட்டேனே" என்றார் சாந்தினி முதலில். பிறகு, "சரி, உங்க இடுப்பு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"அத யாரு கேட்டா?"

சாந்தினி அடுக்களைக்குள் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுத் தட்டு மேசையில் 'டங்' என்று வந்து உட்கார்ந்தது. குழம்பு வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

ஞாயிறு காலை கைப்பேசி அடித்தது. குவாரியிலிருந்து மிஷின் ஓட்டுகிற தனேஷ்.

"அண்ணே, பெரிய மிஷின் ரோசாக் ஆயிருச்சுண்ணே. ஹோஸ் வெடிச்சு எண்ணெயெல்லாம் கொட்டுது. வாரீங்களா?"

"வாரேன், வாரேன்!" கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி அர்ச்சுனன் முகம் மலர்ந்துவிட்டது. சாந்தினி அடுக்களையில் இருப்பது நினைவுக்கு வந்ததும் அதைச் சட்டென்று சோகமாக்கிக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, காலை பூட்ஸுக்குள் நுழைத்தார். கயிற்றைக் கட்டக் குனிந்தார். கை முழங்காலைத் தாண்டிக் கீழே போகவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் குனிந்தார். நெற்றியில் வியர்வைதான் பூத்தது.

அடுக்களை வாசலில் சாந்தினி நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"குனிய மாட்டேங்குது லா" என்று சிரிக்கப் பார்த்தார். "இடுப்பு மட்டும் சூப்பர்வைசர் ஆயிருச்சு போல."

சாந்தினி சிரிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பூட்ஸுக்கும் கயிற்றைக் கட்டி, நடுவில் அவிழ்ந்துவிடாதபடி ஒவ்வொன்றிலும் இன்னொரு முடிச்சும் போட்டார்.